புரானி ஹவேலிக்கு ஒரு மனு

ஹைதராபாத்திலிருந்து விஜயவாடாவுக்குப் போகும் பெருஞ்சாலை நகரத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்னால், பயிற்சிக் கூடங்களும் மாணவர் விடுதிகளும் துணிக்கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் நெருக்கியடித்து நிற்கும் தில்சுக்நகர் என்ற பேட்டையின் நடுவே செல்கிறது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21-ஆம் தேதி வியாழக்கிழமை மாலை ஏழு மணி சுமாருக்கு, வகுப்பு முடிந்து திரும்பும் பிள்ளைகளும் பஸ்ஸுக்குக் காத்திருப்போரும் பண்டம் வாங்க வந்தோருமாக ஜனங்கள் நிறைந்திருந்த அந்தச் சாலையோரத்தில், கொனார்க் தியேட்டருக்கு அருகே ஒன்றும் வெங்கடாத்ரி தியேட்டருக்கு அருகே ஒன்றுமாகச் சைக்கிள்களில் வைக்கப்பட்டிருந்த இரண்டு குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. பதினெட்டு உயிர்கள் போயின. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

மலக்பேட்டைப் போலீஸ் நிலையத்தில் ஒன்று, சரூர்நகர்ப் போலீஸ் நிலையத்தில் ஒன்று என்று இரண்டு வழக்குகள் பதிவாகி, பின்னர் அவை தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குச் சென்றன. விசாரித்த தனி நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஐந்து பேரைக் குற்றவாளிகளென்று தீர்மானித்து மரண தண்டனை விதித்தது. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி அந்தத் தண்டனையை உறுதி செய்தது. குற்றத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும் நியாயஸ்தலம் வாய்தாக்களால் அளந்தது. அன்று மாலை ஒரு காலை இழந்தவனோ, செவிப்பறை கிழிந்து ஓசையை இழந்தவனோ, அவற்றை வீட்டு வாடகையாலும் மருந்துச் சீட்டாலும், தம்பிக்கோ தங்கைக்கோ நின்றுபோன படிப்பாலும் அளந்திருப்பான். குற்றம் செய்தவனுடைய பெயர் தேசம் முழுவதும் தெரிகிறது; இறந்தவர்களுடைய பெயர்கள் ஆண்டுதோறும் அஞ்சலிக் கூட்டங்களில் வாசிக்கப்படுகின்றன; காயம்பட்டவர்கள் மட்டும் செய்தியில் ஓர் எண்ணிக்கையாக வந்து, மறுநாளே எண்ணிக்கையிலிருந்தும் மறைந்துபோகிறார்கள். அவர்களுக்கு உரியது என்ன, அதை அவர்கள் எங்கே சென்று கேட்பது என்பதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

இத்தகைய கோரங்கள் நேரும்போதெல்லாம் மந்திரிமார் ஆஸ்பத்திரிக்கு வருவதையும், படுக்கையருகே நின்று ஆறுதல் சொல்வதையும், வெளியே வந்து இறந்தவர் குடும்பத்துக்கு இத்தனை லட்சம், காயமுற்றோருக்கு இத்தனை ஆயிரம் என்று அறிவிப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்தத் தொகைக்கு அரசாங்க பாஷையில் 'எக்ஸ்கிரேஷியா' என்று பெயர். கடமையின்றிக் கருணையினால் கொடுப்பது என்பதுதான் அந்த லத்தீன் பதத்தின் பொருள். கருணையை நான் குறைத்துச் சொல்லவில்லை. துன்புற்றவன் வீட்டில் அன்று அடுப்பெரிய அது உதவுகிறது. ஆனால் கருணை தானாக வந்தால்தான் உண்டு. வராவிட்டால் யாரையும் கேட்க முடியாது. பத்திரிகைகள் கூட்டமாக வந்து நிற்கும் குண்டுவெடிப்புக்கு அது வரும். ஒரு சந்துமுனையில் இரவு பதினோரு மணிக்குக் கத்திக்குத்துப் பட்ட கூலிக்காரனுக்கு அது வருவதில்லை. இரண்டு பேருடைய ரத்தமும் ஒன்றே என்று சொல்லக்கூடியது சட்டம் ஒன்றுதான். அந்தச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது என்பதும், அது பிச்சையாக அல்லாமல் உரிமையாகவே பேசுகிறது என்பதும் நம்மில் அநேகருக்குத் தெரியாமல் இருப்பது பெரிய துர்ப்பாக்கியம்.

பழைய காலத்தில் இந்த எண்ணமே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. ஊரைக் காக்கப் போரிட்டு மடிந்த வீரனுக்கு நடுகல் நாட்டி, அவன் குடும்பத்தாருக்கு 'உதிரப்பட்டி' என்றும் 'நெய்த்தோர்ப்பட்டி' என்றும் நிலம் விட்டதை நம் கல்வெட்டுகள் சொல்கின்றன; நெய்த்தோர் என்பது ரத்தத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர். சிந்திய ரத்தத்துக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்ற உணர்ச்சி அந்தச் சொல்லிலேயே உறைந்து நிற்கிறது. ஆனால் வீரனல்லாத சாமானியன் மற்றொருவன் கையால் மாண்டபோது வழக்கம் வேறாக இருந்தது. வேட்டைக்குப் போனவன் எய்த அம்பு தவறி மனிதன் ஒருவன் மேல் பட்டு அவன் இறந்தால், எய்தவன் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகளை அளிக்க வேண்டுமென்று ஊரார் கூடித் தீர்ப்புச் செய்ததைச் சோழர் காலத்துச் சாசனங்களில் காண்கிறோம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது அக்காலத்துக் கணக்கு. விளக்கு இறந்தவனுக்காக எரிந்தது. அவன் வீட்டு அடுப்பு எரிந்ததா என்பதைப் பற்றிச் சாசனம் பேசுவதில்லை.

நவீன ராஜ்யம் குற்றத்தைத் தன்மேல் இழைக்கப்பட்ட அபராதமாக எடுத்துக்கொண்டது. வழக்கைத் தொடுப்பது அரசு, வாதிப்பது அரசின் வக்கீல், விதிக்கும் அபராதம் போய்ச் சேருவது அரசின் கஜானா. அடிபட்டவன் தன் வழக்கிலேயே ஒரு சாட்சியாக வந்து, கூண்டில் ஏறிக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போக வேண்டியவனானான். இந்த அநீதியை மேல்நாட்டார் உணர்ந்ததே அண்மைக் காலத்தில்தான். நியூஸிலாந்து 1963-இல் முதன்முதலாகச் சட்டம் செய்தது. பிரிட்டன் 1964-இல் ஒரு திட்டம் வகுத்தது. ஐக்கிய நாடுகள் சபை 1985 நவம்பரில், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்குரிய நீதியைப் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டது. நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், லாரி விபத்து ஒன்றைப் பற்றிய 1979-ஆம் ஆண்டு வழக்கில், பாதிக்கப்பட்டவனும் அவனை நம்பியிருந்தோரும் படும் துயரம் நமது குற்றவியல் சட்டத்தின் கண்ணில் படாமலே போவதைப் பெருங்குறையென்று சுட்டிக்காட்டி, அதைச் சட்டசபைகள்தாம் தீர்க்க வேண்டும் என்று எழுதினார். அது தீர்வதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

குற்றவாளிக்கு விதிக்கும் அபராதத்திலிருந்தோ, தனியாக உத்தரவிட்டோ, அவனிடமிருந்தே நஷ்டஈடு வாங்கித் தரும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு முன்பே இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஆம் பிரிவு அது. ஆனால் குற்றவாளி அகப்பட வேண்டும், குற்றம் ருசுவாக வேண்டும், அவன் கையில் பணமும் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைவது எத்தனை அபூர்வம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே 2009 டிசம்பர் 31-ஆம் தேதி முதல் 357-ஏ என்ற புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பழைய சட்டத்தின் இடத்தில் அமலுக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396-ஆம் பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. ஒவ்வொரு மாநில அரசும் மத்திய அரசோடு கலந்து, குற்றத்தால் நஷ்டமோ காயமோ அடைந்து மறுவாழ்வு வேண்டுவோருக்கென்று ஒரு நிதித் திட்டம் வகுக்க வேண்டும் என்பது அதன் ஆணை. நீதிமன்றம் சிபாரிசு செய்ய, எவ்வளவு கொடுப்பதென்பதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நிர்ணயிக்கும்.

இந்தப் பிரிவில் நெஞ்சைத் தொடும் பகுதிகள் இரண்டு. வழக்கு விடுதலையில் முடிந்தாலும், பாதிக்கப்பட்டவனுக்கு மறுவாழ்வு தேவையென்று கண்டால் நீதிமன்றம் இழப்பீட்டுக்குச் சிபாரிசு செய்யலாம் என்பது ஒன்று. குற்றவாளி யாரென்றே தெரியாமல், விசாரணையே நடைபெறாமற் போனாலும், காயம்பட்டவன் தானே நேராக ஆணைக்குழுவுக்கு மனுப் போடலாம் என்பது மற்றொன்று. குற்றவாளியின் கதியோடு காயம்பட்டவனுடைய கதியைக் கட்டிப்போட்டிருந்த பழைய கயிறு இங்கே அறுபடுகிறது. இது ஹைதராபாத்துக்கு எவ்வளவு நெருக்கமான விஷயம் என்பதை அந்நகரத்தின் சரித்திரம் அறிந்தவர்கள் உணர்வார்கள். 2007 மே 18-ஆம் தேதி வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது மெக்கா மசூதியில் குண்டு வெடித்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2018 ஏப்ரல் 16-ஆம் தேதி, விசாரணைக்குட்பட்ட ஐந்து பேரும் விடுதலையானார்கள். அவர்கள் விடுதலையானதால், தொழச் சென்ற இடத்தில் சதை கிழிந்தவனுடைய காயம் பொய்யாகிவிடுமா? சட்டம் இல்லை என்கிறது. அப்படிச் சொல்லுவதற்காகவே நான் அதை மதிக்கிறேன்.

அதே மசூதி வழக்கு, கருணைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை வேறொரு வகையிலும் காட்டுகிறது. குண்டுவெடிப்பையொட்டிப் பிடிக்கப்பட்டுப் பின்பு விடுவிக்கப்பட்ட முஸ்லிம் இளைஞர்களுக்கு ஆந்திரப் பிரதேச அரசு கொடுத்த உதவித் தொகையை, விடுதலையானது ஒன்றே இழப்பீட்டுக்கு ஆதாரமாகாது என்று 2013-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சிறையில் நாட்களைத் தொலைத்த அந்த இளைஞர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது. ஆனால் சட்டத்தில் வேர்விடாத உதவி, வாங்கிய கையிலிருந்தே திரும்பப் பறிக்கப்படக்கூடும் என்பதை அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் உணர்த்தியது.

இனி, தில்சுக்நகருக்கே திரும்புவோம். மத்தியச் சட்டம் 2009-இன் கடைசி நாளில் வந்துவிட்டது என்று சொன்னேன். மாநிலத் திட்டம்? 2014 நவம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஹரியானாவிலிருந்து வந்த சுரேஷ் என்பவரது வழக்கில் தீர்ப்பளித்தபோது, நாட்டில் 25 மாநிலங்கள் திட்டம் வகுத்துவிட்டன என்றும், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, மத்தியப் பிரதேசம், மேகாலயம் ஆகியவை இன்னும் வகுக்கவில்லை என்றும் கண்டு, ஒரு மாதத்துக்குள் வகுக்குமாறு உத்தரவிட்டது. அதாவது, குண்டு வெடித்த அந்த 2013-ஆம் ஆண்டில், பாராளுமன்றம் கொடுத்த உரிமை ஹைதராபாத் நகரத்துக்கு வந்து சேரவேயில்லை. தெலங்கானாவின் திட்டம் 2015-இல்தான் பிறந்தது. தமிழ்நாடு 2013 நவம்பரில் தன் திட்டத்தை வெளியிட்டது. நாமும் அதில் பெருமை பேசுவதற்கில்லை, அதற்குள் நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த சுரேஷ் வழக்கின் தீர்ப்பை வக்கீல்கள் மட்டுமன்றி எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. குற்றம் நடந்தது தெரிந்தவுடனே, பாதிக்கப்பட்டவனுக்கு உடனடிப் பண உதவி தேவையா என்று நீதிமன்றம் தானே விசாரித்து இடைக்கால இழப்பீடு வழங்க வேண்டும், அதற்காக அவன் மனுப் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று அது சொல்லிற்று. சில மாநிலங்கள் வைத்திருந்த உச்சவரம்பு மிகவும் அற்பமாயிருப்பதைக் கண்டு, தம் விகிதம் அதைவிட உயர்ந்ததாக இல்லாதவிடத்துக் கேரளத்தின் விகிதத்தைப் பின்பற்றலாம் என்றும் வழிகாட்டிற்று.

மலக்பேட்டையில் ஒரு கடையில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவன், இரவு கடையைப் பூட்டிவிட்டு வரும்போது, கைப்பையைப் பறிக்க வந்தவர்களால் குத்துப்பட்டு, அப்ஸல்கஞ்சில் மூசி நதிக்கரையில் இருக்கும் உஸ்மானியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டான் என்று வைத்துக்கொள்வோம். குத்தியவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஊரிலிருந்து ரயிலேறி வந்த தாய் தலைமாட்டில் உட்கார்ந்து, "உசிரு பொழச்சுதே, அது போதும்ப்பா, கோர்ட்டுப் படியெல்லாம் நமக்கு வேணாம்" என்பாள். அவள் சொல்லில் ஏழைகளுடைய தலைமுறை தலைமுறையான அனுபவம் இருக்கிறது. அதை யாரும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அந்தத் தாயிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு.

சிகிச்சையைப் போலீஸ் வரும்வரை தாமதப்படுத்த எந்த வைத்தியருக்கும் உரிமையில்லை. பரமானந்த கடாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இந்தக் காயத்தை ஆஸ்பத்திரியில் 'எம்.எல்.சி.' என்று, அதாவது போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய வழக்காக, எழுதிக்கொண்டார்களா என்று விசாரிப்பது முதல் காரியம். பின்னால் தேவைப்படும் ருசுக்களுக்கெல்லாம் அந்தக் குறிப்பே தாய்வேர். போலீஸ் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். காயச் சான்று, வீடு திரும்பும்போது தரும் சுருக்கக் குறிப்பு, மருந்துக்கடை ரசீது, வேலைக்குப் போகாத நாட்களுக்கு முதலாளி எழுதித்தரும் கடிதம், நிரந்தர ஊனம் ஏற்பட்டிருந்தால் அதற்காக வாங்கும் சான்றிதழ் ஆகிய எதையும் கசக்கித் தலையணைக்கடியில் வைத்துவிடாமல், ஒரே பையில் சேர்த்துவைக்க வேண்டும். காயம் ஆறிவிடும், காகிதம் தொலைந்தால் அந்தக் காயம் இருந்ததென்று சொல்லவே ஆளிருக்காது.

அப்புறம் மனு. ஹைதராபாத் மாவட்ட எல்லைக்குள் நடந்த குற்றத்துக்கு நகர உரிமையியல் நீதிமன்ற வளாகத்தில், புரானி ஹவேலியில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாட வேண்டும். ரங்காரெட்டி மாவட்டமானால் எல். பி. நகரிலுள்ள நீதிமன்றங்களுக்குப் போக வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தரவும், வழி சொல்லவும் அங்கே ஆட்கள் உண்டு. இலவசச் சட்ட உதவி அவர்களுடைய கடமையே ஆகும். நாடு முழுவதற்கும் பொதுவான 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். மனு வந்த இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடித்துத் தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்று சட்டமே காலவரையறை செய்திருக்கிறது. போலீஸ் நிலைய அதிகாரியின் சான்றோ மாஜிஸ்திரேட்டின் சான்றோ இருந்தால், துயர்தணிக்க உடனடியான முதலுதவியையும் வைத்திய வசதியையும் செலவின்றிச் செய்விக்க ஆணைக்குழு உத்தரவிடலாம்.

பெண்களுக்கு வழி இன்னும் சற்று விரிந்திருக்கிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்து, உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத்தில் ஏற்று, அந்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த திட்டத்தில், அமிலம் வீசப்பட்டு முகம் சிதைந்தவளுக்கு ஏழிலிருந்து எட்டு லட்சம் ரூபாய் வரையிலும், கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையிலும் விதிக்கப்பட்டிருக்கிறது. அமில வீச்சுக்குச் செய்தி கிடைத்த பதினைந்து நாளில் ஒரு லட்சம், அதன்பின் இரண்டு மாதத்துக்குள் மேலும் இரண்டு லட்சம் என்ற நியதி, லக்ஷ்மி என்ற பெண்மணி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவிலிருந்து வந்தது. அந்த உத்தரவுக்குச் சுமார் நாலரை ஆண்டுகளுக்கு முன்னால், 2008 டிசம்பரில், வாரங்கல்லில் கல்லூரி மாணவியர் இருவர் மேல் அமிலம் வீசப்பட்டு, அவர்களில் ஒருவர் அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனதைத் தெலுங்கு நாடு மறந்திருக்காது. குற்றஞ்சாட்டப்பட்ட மூவரும் சில நாட்களுக்குள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். ஊர் அதைக் கொண்டாடியது. மிஞ்சியிருந்த பெண்ணின் அறுவைச் சிகிச்சைகளுக்கு அந்தக் கொண்டாட்டத்தால் ஒரு காசும் வந்திராது என்பதை நினைக்கும்போது, பழிக்கும் பரிகாரத்துக்கும் நாம் எவ்வளவு எளிதில் பேதம் மறந்துவிடுகிறோம் என்று மனம் நோகிறது.

சிறுவர் சிறுமியருக்கு எதிரான பாலியல் குற்றங்களில் தனி நீதிமன்றமே வழக்கின் எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு உத்தரவிடலாம். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய் வரை நிவாரணம் உண்டு. பயங்கரவாதத்திலும் வகுப்புக் கலவரத்திலும் பாதிக்கப்பட்டோருக்கு மத்திய உள்துறையின் திட்டம் ஒன்று 2008 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைபெறுகிறது. மூன்று லட்சமாக இருந்த தொகை 2016-இல் ஐந்து லட்சமாயிற்று. மரணத்துக்கும், ஐம்பது சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனத்துக்கும் அது கிடைக்கும். இங்கே என் மனம் இரண்டு இடங்களில் தடுக்கி நிற்கிறது. 2007 ஆகஸ்ட் 25-ஆம் தேதி சனிக்கிழமை மாலை, லும்பினிப் பூங்காவில் ஒளிக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோரும், கோட்டியில் கோகுல் சாட் கடையில் சிற்றுண்டி அருந்தியோருமாக நாற்பதுக்கும் மேற்பட்டவர் மாண்டனர். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பிழைத்தவர்களுடைய காயத்துக்கும் இந்தத் திட்டத்துக்கும் இடையே ஏழு மாதங்கள் குறுக்கே நிற்கின்றன. மற்றொன்று அந்த ஐம்பது சதவீதக் கணக்கு. சரியாகக் காது கேளாமற்போன ஆசிரியரும், வலக்கையின் இரண்டு விரல்களை இழந்த தையற்காரரும் வைத்தியரின் அட்டவணையில் ஐம்பதை எட்டாமற் போகலாம். அவர்கள் ஜீவனத்திலோ நூற்றுக்கு நூறும் போய்விட்டிருக்கும்.

கேரள உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில், 357-ஏ பிரிவு நடைமுறைக்கு வருவதற்கு முன் நடந்த குற்றத்தில் பாதிக்கப்பட்டோரும் அதன் பயனைக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு ஹைதராபாத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வக்கீல் ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாதிப்பதற்குத் தடையுமில்லை.

சாலை விபத்தில் அடிபட்டால் கிளெயிம் போட வேண்டும் என்பது இன்று குக்கிராமத்துக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வாசலிலேயே அதற்கு ஆள் காத்திருக்கிறான். கத்தியால் அடிபட்டவனுக்கோ அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. அவன் பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இல்லாததால் அவனைத் தேடிவர யாருக்கும் லாபமில்லை. ஆகவே அந்த வேலையை ஆஸ்பத்திரி நர்ஸும், வார்டு பாயும், போலீஸ் நிலையத்து ரைட்டரும், பக்கத்துப் படுக்கைக்காரருமே செய்ய வேண்டியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலோடு, இழப்பீட்டுக்கு எங்கே மனுப் போடுவதென்று தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் அச்சடித்த ஒரு துண்டுக் காகிதத்தைச் சேர்த்துக் கொடுத்தால் அரசுக்கு என்ன செலவு ஆகிவிடும்? செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்ச் சங்கத்தார் இந்தச் சிறு காரியத்தையாவது தங்கள் செலவில் செய்யலாம்.

நான் கற்பனை செய்த அந்தக் கடைப் பையன் உஸ்மானியாவிலிருந்து வெளியே வரும் நாளில், வாசலில் அப்ஸல்கஞ்ச் பஸ்கள் இரைந்துகொண்டு நிற்கும். அங்கிருந்து நயாபுல் வழியாக மூசியைக் கடந்தால், இடப்புறமும் வலப்புறமும் பழைய நகரம் விரிகிறது; உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கும்மட்டங்கள் நதியைப் பார்த்தபடி நிற்கின்றன. மதீனாச் சந்திப்பில் யாரைக் கேட்டாலும், நிஜாம்கள் முன்னொரு காலத்தில் வாசம் செய்த புரானி ஹவேலிக்கு வழி சொல்லுவார்கள். இப்போது அவன் தாயின் கையில் ஒரு துணிப்பை இருக்கிறது. அதற்குள் காகிதங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் அவன் நடந்தே போய்விடலாம். தையல் இழுத்தால், ஓர் ஆட்டோ வைத்துக்கொள்ளட்டும்.